தோட்டத்து மண்ணில் விளைந்த ஆராய்ச்சிகள்



ஆராய்ச்சி என்றதும் நம்மில் பலருக்கு ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். வெள்ளை அங்கி அணிந்த ஒருவர், கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே நின்று எதையோ கலக்கிக் கொண்டிருப்பார். அது எங்கோ நகரத்தில் நடக்கும் காரியம், அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணிவிடுகிறோம். நேயர்களே, உண்மை அதுவன்று. இந்த நாட்டில் நடந்த பெரிய ஆராய்ச்சிகள் சில, நம் பாட்டனும் பாட்டியும் நடந்து திரிந்த மண்ணிலேயே நடந்தவை. அவர்கள் வெட்டிய மரம், அவர்களைக் கடித்த கொசு, அவர்கள் உண்ட சோறு, அவர்கள் பேசிய மொழி ஆகிய யாவும் ஆராயப்பட்டிருக்கின்றன. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதலில் சொல்லைக் கவனிப்போம். திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஒரு மணி கட்டியிருந்தான். அதன் பெயர் ஆராய்ச்சி மணி. குறையுடையோர் யாராயினும் அதனை அசைக்கலாம். கன்றை இழந்த பசு அசைத்தபோதும் நடந்தது என்ன என்று மன்னன் விசாரித்தான் என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. ஆராய்தல் என்றால் இதுதான். நடந்தது என்ன, ஏன் நடந்தது என்று கேட்க வேண்டும். வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராமல் சான்று தேட வேண்டும். கிடைத்த விடை சரிதானா என்று மறுபடியும் சோதிக்க வேண்டும். மரத்தை ஆராய்ந்தாலும், நோயை ஆராய்ந்தாலும், பழைய ஏட்டை ஆராய்ந்தாலும் இந்த மூன்றும் உண்டு.

இனி, மரத்திலிருந்து தொடங்குவோம்.

பால்மரம் நம் நாட்டு மரம் அன்று. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரமே. 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில பேராக்கில், கோலகங்சாரில் நடப்பட்டன. மரம் வளர்ந்தது. ஆனால் அதனை என்ன செய்வது என்பது தெரியவில்லை. பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். அப்படிக் கொத்தினால் மரத்தில் காயம் பட்டு, பட்டை மேடும் பள்ளமுமாகி, நாளடைவில் மரமே வீணாகும்.

1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக ஹென்றி ரிட்லி பொறுப்பேற்றார். பட்டையை மெல்லியதாகச் சீவினால் என்ன ஆகும்? மறுநாள் புதிய இடத்தில் வெட்டாமல், பழைய வெட்டின் ஓரத்தையே மீண்டும் சீவினால் என்ன ஆகும்? இப்படிக் கேட்டுக் கேட்டு அவர் மரங்களில் சோதித்தார். அதே வெட்டைத் திறக்கத் திறக்கப் பால் கூடுதலாக வடிவதைக் கண்டார். மரக்கட்டையை ஒட்டியுள்ள மெல்லிய வளர்திசுவில் கத்தி படாதவரை பட்டை மீண்டும் வளரும் என்பதும் தெளிவாயிற்று. சட்டைப்பையில் ரப்பர் விதைகளை வைத்துக்கொண்டு, காண்போரிடம் எல்லாம் நடுங்கள், நடுங்கள் என்று வற்புறுத்திய அவருக்குப் பித்தன் ரிட்லி என்றே பெயர் வந்தது. 1896ஆம் ஆண்டில் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனப் பெருமகனார் முதலில் துணிந்து தோட்டம் போட்டார். பின்னர் மோட்டார் வண்டி பெருகியது. ரப்பர் விலை ஏறியது. நம் முன்னோர்களில் பலர் கப்பல் ஏறி வந்த கதை அங்கே தொடங்குகிறது.

விடியுமுன் அம்மா ஏன் மரம் வெட்டப் புறப்படுகிறார் என்று பிள்ளை கேட்டால், அதற்கும் தாவர நூல் விடை சொல்கிறது. இரவில் மரம் உறிஞ்சிய நீரால் பால் குழல்களில் அழுத்தம் நிறைந்திருக்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை வெளியே விடும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். வெட்டு ஏன் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் சரிகிறது? பால் குழல்கள் பட்டைக்குள் நேராக நிற்காமல் சற்றுச் சாய்ந்து செல்கின்றன. அவற்றை மிகுதியாக அறுப்பதற்கு ஏற்ற சாய்வு அது. 1925ஆம் ஆண்டில் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இத்தகைய கேள்விகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. மிகுந்த பால் தரும் மரங்களைத் தேர்ந்து ஒட்டுக் கன்றுகளை உருவாக்கியது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற இனத்தைப் பழைய பால்வெட்டுத் தொழிலாளர் பலரும் அறிவர். 1998ஆம் ஆண்டில் அக்கழகம் மலேசிய ரப்பர் வாரியத்துடன் இணைக்கப்பட்டது.

மரத்தைப் பற்றி இவ்வளவு அக்கறை காட்டினார்களே, மரம் வெட்டிய மனிதனைப் பற்றி என்ன கேட்டார்கள்? அடுத்த செய்தி அதுதான்.

காய்ச்சல் தோட்டங்களின் பெரும் பகைவனாய் இருந்தது. குளிர் நடுக்கம், பின் கொதிக்கும் காய்ச்சல், பின் வேர்வை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கொயினா மாத்திரையின் கசப்பு அக்காலத்து மக்கள் எல்லோரும் அறிந்த கசப்பு. மலேரியா என்ற இந்நோய் கெட்ட காற்றால் வருவது என்று மருத்துவர்களே நெடுங்காலம் நம்பினார்கள். 1897ஆம் ஆண்டில் இந்தியாவில், செகந்தராபாத்தில், ரொனால்ட் ரோஸ் என்ற மருத்துவர் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். பழியைக் காற்றின்மேல் போட இனி இடமில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1901ஆம் ஆண்டில், மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். அதே ஆண்டில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், காய்ச்சலால் முடங்கியது. வாட்சன் சதுப்புக் காட்டை வெட்டச் செய்தார், வாய்க்கால் தோண்டி நீரை வடியச் செய்தார். அவர் தந்த கணக்கின்படி, அவ்விரு ஊர்களிலும் 1901ஆம் ஆண்டில் காய்ச்சலால் இறந்தவர் 368 பேர். 1902ஆம் ஆண்டில் இறந்தவர் 59 பேர். ஓராண்டில் இத்தனை உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பது உலகமே வியந்த செய்தியாயிற்று.

ஆனால் நேயர்களே, கதை அங்கே முடியவில்லை. மலைப்பாங்கான தோட்டங்களிலும் அதே முறையைக் கையாண்டார்கள். காட்டை வெட்டினார்கள், பள்ளத்தாக்குகளைத் திறந்துவிட்டார்கள். காய்ச்சல் குறையவில்லை, கூடியது! ஏன்? வாட்சன் தோட்டம் தோட்டமாகச் சென்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா கண்ட பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். எந்த லயத்தில் எத்தனை பிள்ளைக்கு வீக்கம், அந்த லயம் காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதி வைத்தார். சமவெளியில் காட்டை விட்டு விலக விலக நோய் குறைந்தது. மலையில் காடு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நோய் இருந்தது.

விடை கொசுவின் குணத்தில் இருந்தது. கொசு என்றால் எல்லாம் ஒரே கொசு அன்று. கடலோரச் சமவெளியில் நோய் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. மலையில் நோய் பரப்பிய கொசுவோ, வெயில் படும் தெளிந்த ஓடை நீரை விரும்புவது. காட்டை வெட்டியபோது ஒன்றின் வீட்டை இடித்தார்கள், மற்றொன்றுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். இது தெரிந்த பின் மலை ஓடைகளை மண்குழாய்களில் இறக்கி நிலத்துக்கு அடியில் ஓடச் செய்தார்கள். நீர்மேல் எண்ணெய் தெளித்தார்கள். தோட்டங்களில் கொசு எண்ணெய் அடிப்பதற்கென்றே ஆட்கள் இருந்ததைப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். அந்த வேலையின் வேர் இந்த ஆராய்ச்சியில் இருக்கிறது.

ஓரிடத்து உண்மையைக் கேள்வி கேட்காமல் மறு இடத்துக்குப் பெயர்த்தால் உயிர்ச்சேதம் வரும் என்பது இதன் பாடம். பாடம் இன்னும் முடியவில்லை. குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் வேறொரு மலேரியா சரவாக்கில் பரவலாக இருப்பதை, பல்பீர் சிங்கும் அவருடைய குழுவினரும் 2004ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துக் காட்டினார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் பழைய மலேரியா 2018ஆம் ஆண்டில் உள்நாட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்ற நிலையை மலேசியா எட்டியது. குரங்கு மலேரியா அதன்பின்னும் நீங்கவில்லை.

மூன்றாவது கதை சோற்றுப் பானைக்குள் இருக்கிறது. இதனை நம் இல்லத்தரசிகள் கவனித்துக் கேட்க வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் பெரிபெரி என்றொரு நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப் போகும், நடை தள்ளாடும், கடைசியில் நெஞ்சு அடைத்து உயிர் போகும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களை அது மிகுதியாகத் தாக்கியது. நெகிரி செம்பிலானில் மருத்துவராய் இருந்த பிராடன் என்பவர் ஒன்றைக் கவனித்தார். அதே நாட்டில், அதே வெயிலில் உழைக்கும் தமிழர்களுக்கு இந்நோய் அரிதாகவே வருகிறது. வீட்டிலேயே நெல் குத்திச் சாப்பிடும் மலாய்க்காரர்களுக்கும் அப்படியே. ஏன்? தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. சுரங்கத்தார் உண்டது ஆலையில் வெண்மையாகத் தீட்டிய பச்சரிசி. 1907ஆம் ஆண்டில் பிராடன் இதனை நூலாகவே எழுதினார்.

கண்டது ஒன்று, அதற்குச் சொல்லும் காரணம் ஒன்று. கண்டது சரியாகவும் காரணம் தவறாகவும் இருக்கலாம். பழைய பச்சரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று பிராடன் எண்ணினார். அது சரியன்று. ஆனால் அவர் கவனித்தது பொய்யாகவில்லை. 1905-1906ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் இதனைச் சோதித்தார். நோயாளிகளில் ஒரு பாதிக்கு வெள்ளை அரிசி, மறு பாதிக்குப் புழுங்கல் அரிசி. பாதிக்கு ஏறக்குறைய 120 பேர். வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட வந்த ஏறக்குறைய 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி இதே சோதனையை நடத்தினார்கள். வெள்ளை அரிசிப் பிரிவில் நோய் கண்டது. அரிசியை மாற்றியதும் நின்றது. மறு பிரிவுக்கு வெள்ளை அரிசி கொடுத்தபோது அங்கே தோன்றியது. ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

உண்மைக் காரணம் நஞ்சு இருந்தது அன்று, சத்து இல்லாமற் போனது. தவிட்டில் இருக்கும் ஓர் உயிர்ச்சத்து தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிறது. நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடும். உயிர்ச்சத்து பி1 என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பொருள் அது. 1926ஆம் ஆண்டில் ஜாவாவில் அதனைத் தவிட்டிலிருந்து தனியே பிரித்தெடுத்தார்கள். ஏன் என்று தெரியாமலேயே நெல் அவித்த நம் பாட்டிமாரின் பழக்கம், எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. அந்தப் பழக்கத்துக்குள் இருந்த காரணத்தை வெளியே எடுத்தது ஆராய்ச்சி.

இங்கே நாம் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். அந்த விடுதியில் இறந்த 18 பேரையும், அந்த 300 தொழிலாளரையும், உங்களை வைத்துச் சோதிக்கலாமா என்று கேட்டு இசைவு பெறும் முறை அக்காலத்தில் இல்லை. ஆராய்ந்தவர்களின் பெயர் நூலில் இருக்கிறது. ஆராயப்பட்டவர்களின் பெயர் நம் நினைவில் இல்லை. வாய்க்கால் தோண்டியவர்களின் கதையும் அதுவே. மனிதரிடம் செய்யும் எந்தச் சோதனைக்கும் அவருடைய மனமார்ந்த இசைவு வேண்டும் என்பது, இரண்டாம் உலகப் போரின் கொடுமைகளுக்குப் பின், 1947ஆம் ஆண்டில் நூரம்பர்க் நெறிகளிலும், 1964ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பிரகடனத்திலும் எழுதி வைக்கப்பட்டது. நாளை யாரேனும் நம் வீட்டுக்கு வந்து, ஆராய்ச்சிக்காக இரத்தம் எடுக்க வேண்டும் என்றால், எதற்காக என்று கேட்பதற்கும், விருப்பமில்லை என்று மறுப்பதற்கும் நமக்கு உரிமை உண்டு. இதனை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

இதுவரை மரத்தையும் உடலையும் பார்த்தோம். மனிதன் உடல் மட்டும் அல்லனே! அவன் எங்கிருந்து வந்தான், எப்படி வாழ்ந்தான், என்ன பேசினான் என்பதையும் ஆராய வேண்டாமா? இதற்கு நுண்காட்டிக் கண்ணாடி உதவாது. பழைய தாள்கள் உதவும், பெரியவர்களின் நினைவு உதவும்.

கெர்னியல் சிங் சந்து என்னும் அறிஞர், 1786 முதல் 1957 வரை இந்தியர்கள் மலாயாவுக்கு வந்து குடியேறிய வரலாற்றை ஆராய்ந்து, 1969ஆம் ஆண்டில் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது, கங்காணி முறையில் ஆள் வருவது 1938ஆம் ஆண்டில் இந்திய அரசின் தடையால் நின்றது என்று நாம் இன்று ஆண்டு சொல்லிப் பேச முடிகிறதென்றால், அது இத்தகையோர் பழைய அறிக்கைகளையும் கணக்குகளையும் தோண்டியெடுத்த பயன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த சின்னப்பா அரசரத்தினமும் 1970ஆம் ஆண்டில் இந்நாட்டு இந்தியர்களைப் பற்றி நூல் எழுதினார். அதே ஆண்டில் வெளியான மற்றொரு நூல் ரவீந்திர ஜெயின் என்ற மானிடவியல் அறிஞருடையது. அவர் செய்தது விந்தையான ஆராய்ச்சி. ஒரு தோட்டத்திலேயே தங்கி, மக்களோடு பழகி, உறவு முறை, கோயில், சங்கம், கங்காணியின் அதிகாரம் ஆகியவற்றைக் கவனித்து எழுதினார். அங்குள்ளோருக்குத் தொல்லை வரக்கூடாது என்று தோட்டத்தின் உண்மைப் பெயரையும் மறைத்தார். முன்னே சொன்ன இசைவும் மரியாதையும் இத்துறைக்கும் உரியவை.

மொழிக்கு வருவோம். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக விளங்கிய தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால், முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கோலாலம்பூரில் நடைபெற்றது. தமிழ் ஆராய்ச்சிக்கான அந்த முதல் உலக மாநாடு நாம் வாழும் இந்த மண்ணில் கூடியது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1679ஆம் ஆண்டில் அச்சான பழைய தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி ஒன்று ரோமாபுரியில், வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகளார் அதனைத் தேடிப்பிடித்து 1966ஆம் ஆண்டில் மீண்டும் அச்சேற்றினார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மக்கள் வாயில் புழங்கிய சொற்கள் எவை என்று அறிய அது ஒரு சாளரம். காய்ச்சலுக்கு மருந்து தேடுவதும் மறைந்த நூலைத் தேடுவதும் ஒன்றா என்று சிலர் கேட்பார்கள். ஒன்று உயிரைக் காக்கிறது, மற்றொன்று காத்த உயிருக்கு யார் நீ என்று சொல்லிக் கொடுக்கிறது. இரண்டும் வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளை நன்றாகப் படித்தால் டாக்டர், இல்லையேல் வழக்கறிஞர் என்று மட்டும் எண்ணுகிறோம். செடிகொடிகளை உற்றுப் பார்க்கும் பிள்ளையை, பூச்சி பிடிக்கும் பிள்ளையை, பாட்டியிடம் பழங்கதை கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளையை உதவாதவன் என்று ஒதுக்கிவிடுகிறோம். ரிட்லி செடியைப் பார்த்தவர். வாட்சன் கொசுவைப் பார்த்தவர். பிராடன் அடுத்தவர் சோற்றைப் பார்த்தவர். அவரவர் எதிரில் இருந்ததைத்தான் பார்த்தார்கள். ஏன் என்று கேட்டதில்தான் வேறுபட்டார்கள். பிள்ளை ஏன் என்று கேட்டால், வாயை மூடு என்று அதட்டாதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் ஆசிரியரிடம் கேட்டு வா என்று அனுப்புங்கள்.

இன்னொரு வேண்டுகோள். பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயங்கள் இடிந்தன, பள்ளிகள் இடம்பெயர்ந்தன. பெட்டியின் அடியில் கிடக்கும் தாத்தாவின் கப்பல் பயணத் தாள், பழைய சம்பளச் சீட்டு, கோயில் திருவிழாப் படம் ஆகியவற்றைக் குப்பை என்று எரித்துவிடாதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே, வயல் நடவுப் பாட்டானாலும், தாலாட்டு ஆனாலும், ஒப்பாரி ஆனாலும், யார் எந்த ஊரிலிருந்து வந்தோம் என்ற செய்தியானாலும், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். சொன்னவர் பெயரையும், சொன்ன தேதியையும் மறவாமல் குறிக்கச் சொல்லுங்கள். நாளை வரலாறு எழுத வருகிறவருக்கு அந்த நோட்டுப் புத்தகம் சான்று ஆகும்.

நூறு ஆண்டுகளாக நம்மைப் பிறர் ஆராய்ந்தார்கள். அதனால் நமக்கு நன்மையும் விளைந்தது, நாம் கொடுத்த விலையும் உண்டு. இனி கேள்வி கேட்போர் வரிசையில் நம் வீட்டுப் பிள்ளைகளும் நிற்க வேண்டும். ஆராய்ச்சி மணியின் கயிறு உயரத்தில் கட்டப்பட்டது அன்று. பசுவுக்கும் எட்டும் உயரத்திலேதான் கட்டப்பட்டிருந்தது.